ஒரே சால்டரிங் ஸ்டேஷனில் 24 வோல்ட் டிப்பும் 12 வோல்ட் டிப்பும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 24 வோல்ட் சால்டரிங் ஸ்டேஷன் ஒன்று மேசையில் இருக்கையில், நுண்ணிய வேலைக்கென 12 வோல்ட் டிப் (ஈயத்தை உருக்கும் சூடான முனை) ஒன்று தேவைப்பட்டால், அதற்காக இன்னொரு ஸ்டேஷனை வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. டிப்புக்குப் போகும் மின்சாரம் ஒரு பக்கம், டிப்பிலிருந்து திரும்பி வரும் வெப்பநிலைக் குறிகை இன்னொரு பக்கம் என இரண்டையும் பிரித்துப் பார்த்து மாற்றியமைத்தால், ஒரே பெட்டி இரு வகை டிப்புகளையும் இயக்கும். இந்த மாற்றத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான்: கம்பி அறுந்தாலும், பிளக் சரியாகப் பொருந்தாவிட்டாலும், மென்பொருள் தடுமாறினாலும், ஸ்டேஷன் குறைந்த மின்னழுத்தத்துக்கே போய் நிற்க வேண்டும். 24 வோல்ட் டிப்புக்கு 12 வோல்ட் போனால் அது மந்தமாகச் சூடாகும், அவ்வளவே. 12 வோல்ட் டிப்புக்கு 24 வோல்ட் போனால் சில நொடிகளில் டிப் போய்விடும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. ஸ்டேஷனின் பெட்டிக்குள் வீட்டு மின்சாரம் நேரடியாக வந்து சேரும் பகுதி உண்டு. பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அவை வடிந்துவிட்டதை மல்டிமீட்டரால் உறுதிசெய்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றிலோ, ஸ்விட்ச் மோட் பவர் சப்ளையின் உட்பகுதியிலோ இந்த மாற்றத்துக்காகத் தொட வேண்டியது எதுவும் இல்லை.

முதலில் கணக்கு

மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும். இந்த வர்க்கம்தான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். ஹக்கோ நிறுவனத்தின் டி12 வகை டிப்பின் மின்தடை ஏறக்குறைய 8 ஓம்; 24 வோல்ட்டில் அது 3 ஆம்பியர் இழுத்து 72 வாட் தரும். அதே டிப்பை 12 வோல்ட்டில் இயக்கினால் 36 வாட் கிடைக்காது, 18 வாட்தான் கிடைக்கும். டிஎஸ்100 அயர்னுக்கு அதன் தயாரிப்பாளர் 24 வோல்ட்டில் 65 வாட் என்றும் 12 வோல்ட்டில் 17 வாட் என்றும் குறிப்பிடுவது இதே கணக்கின்படிதான்.

இப்போது மறுபக்கம். வெல்லர் நிறுவனத்தின் டபிள்யூஎம்ஆர்பி பேனாவும் அதில் செருகும் ஆர்டி வகை டிப்புகளும் 12 வோல்ட்டுக்கானவை; பேனாவின் திறன் 55 வாட். கணக்கிட்டால் மின்தடை சுமார் 2.6 ஓம் வரும். இதன் மீது 24 வோல்ட் முழுதாக விழுந்தால் 9 ஆம்பியருக்கு மேல் ஓடி, 220 வாட் அளவுக்கு வெப்பம் அந்தச் சின்னஞ்சிறு முனையில் குவியும்.

டிப்பின் மீது எதுவும் அச்சிடப்படாத நிலையில் மின்தடையை அளந்து ஊகிக்கலாம். சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.2 முதல் 0.5 ஓம் வரை தடை இருப்பதால், 2 ஓம் அருகில் அந்த அளவீட்டை நம்ப முடியாது. மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளையில் 1 ஆம்பியர் என்று நிறுத்தி, டிப்பின் தொடுமுனைகளிலேயே மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டை அளந்தால், வரும் எண்ணே ஓம் கணக்கு, 2.6 வோல்ட் என்றால் 2.6 ஓம். ஓரிரு நொடியில் அளந்து முடித்துவிட வேண்டும், ஏனெனில் அந்த 1 ஆம்பியரிலேயே டிப் சூடாகத் தொடங்கும், சூடானால் தடையும் நகரும். ஹக்கோ 936 போன்ற பழைய ஸ்டேஷன்களின் செராமிக் ஹீட்டருக்கு இந்த நகர்வு மிக அதிகம். குளிர்ந்த நிலையில் 2.5 முதல் 3.5 ஓம் வரை காட்டும் அந்த ஹீட்டரை 24 வோல்ட்டில் கணக்கிட்டால் 190 வாட் அளவுக்கு வரும். ஆனால் அது 24 வோல்ட், 50 வாட் ஹீட்டர்தான், சூடேறும்போது தடை கூடித் திறன் இறங்கிவிடும். ஆகவே குளிர்நிலைத் தடை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'இது 12 வோல்ட் டிப்' என்று முடிவுகட்டக் கூடாது. தயாரிப்பாளரின் விவரத்தாளே இறுதி ஆதாரம்.

பிடபிள்யூஎம் போதாதா?

பலருக்கும் முதலில் தோன்றும் வழி பிடபிள்யூஎம், அதாவது மின்சாரத்தை வேகமான துடிப்புகளாக விட்டுவிட்டு அனுப்புவது: பவர் சப்ளை 24 வோல்ட்டாகவே இருக்கட்டும், மென்பொருளில் துடிப்பின் அகலத்தைக் குறைத்துவிடலாம். கொள்கையளவில் இது சரியே. டிப்பின் வெப்பப் பொருண்மை வேகமான துடிப்புகளைச் சமன்செய்துவிடும் என்பதால், சராசரித் திறன் எவ்வளவு என்பதே முக்கியம். ஆனால் பாதி மின்னழுத்தம் வேண்டுமென்று பாதி நேரம் இயக்குவது தவறு. பாதி நேரம் இயக்கினால் திறன்தான் பாதியாகும். 220 வாட்டில் பாதி 110 வாட், அதாவது 55 வாட் டிப்புக்கு இரண்டு மடங்கு. 12 வோல்ட்டுக்கு இணையாக வர வேண்டுமானால் கால் பங்கு நேரம் மட்டுமே, அதாவது 25 சதவீதம் மட்டுமே இயக்க வேண்டும்.

ஏசியில் டிரையாக் (ஏசியைத் திறந்து மூடும் மின்னணு ஸ்விட்ச்) வைத்து இயங்கும் ஸ்டேஷன்களில் இந்தக் கால் பங்குக்குள் இன்னொரு பொறி இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அரைச்சுழற்சியும் 10 மில்லிசெகண்ட். நான்கு அரைச்சுழற்சிக்கு ஒன்று என இயக்கினால் 1, 5, 9 என்று வரிசை போகும். அவை அனைத்தும் ஒரே துருவத்தைச் சேர்ந்தவை. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுற்றில் ஒருதிசை மின்னோட்டம் ஓடி, உள்ளகம் தெவிட்டி (அதற்கு மேல் காந்தமாக முடியாமல்), டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டு சூடாகும். நான்கு முழுச்சுழற்சிக்கு ஒரு முழுச்சுழற்சி என்று இயக்கினால் இந்தத் தொல்லை வராது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், பிடபிள்யூஎம் ஒன்றையே காவலாக நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உச்ச மின்னோட்டம் 9 ஆம்பியராகவே இருப்பதால் பவர் சப்ளை அதைத் தாங்க வேண்டும், மாஸ்ஃபெட் (டிப்புக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) தாங்க வேண்டும், பிளக்கின் ஊசிகள் தாங்க வேண்டும். மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் நிற்கும்; அந்த நொடியில் மென்பொருளின் 25 சதவீதத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. ஃபியூஸ் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். 6.3 ஆம்பியர் ஃபியூஸ் 9 ஆம்பியரில் அறுந்துவிழ எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் டிப் கருகிவிடும்; ஃபியூஸ் தீப்பிடிக்காமல் காப்பதற்கே. எனவே, மின்னழுத்தத்தையே மாற்றித் தருவது நல்லது.

மின்னழுத்தத்தை எங்கிருந்து எடுப்பது

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டேஷனில் இரண்டாம் சுற்று 12-0-12 என்று நடுமுனையோடு இருந்தால், இரு முனைகளுக்கு இடையில் 24, நடுமுனையிலிருந்து ஒரு முனைக்கு 12 என்று வேலை தானாகவே முடிந்துவிடும். ஆனால் பாதிச் சுற்று மட்டும் முழுச் சுமையையும் சுமப்பதால், அந்தச் சுற்றின் மின்னோட்டத் தகுதி 12 வோல்ட் டிப் இழுக்கும் 4.6 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஏசியை டையோடு பாலத்தால் நேராக்கிக் கெப்பாசிட்டர் போட்டுப் பயன்படுத்துவோர் இன்னொன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்: 24 வோல்ட் ஏசி, கெப்பாசிட்டருக்குப் பின் 32 வோல்ட் அளவில் நிற்கும், சுமையில்லாதபோது அதற்கும் மேலே போகும். 24 வோல்ட் டிப்புக்கு அதை அப்படியே கொடுத்தால் திறன் 1.8 மடங்காகிவிடும்.

டிசி 24 வோல்ட் ஸ்விட்ச் மோட் சப்ளையில் இயங்கும் ஸ்டேஷனுக்கு, தனியாக ஒரு 12 வோல்ட், 6 ஆம்பியர் சப்ளையைச் சேர்ப்பதே என் முதல் தேர்வு. பெட்டியில் இடமில்லாவிட்டால் பக் கன்வர்ட்டர் (டிசி மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சுற்று) வைக்கலாம். எளிதில் கிடைக்கும் எல்எம்2596 மாட்யூல் 3 ஆம்பியருக்கானது, இங்கே போதாது. எக்ஸ்எல்4016 சிப் கொண்ட மாட்யூல் போதும். சிப் 8 ஆம்பியர் வரை தரும் என்று விவரத்தாள் சொன்னாலும், சிறிய ஹீட்சிங்க்கோடு வரும் மாட்யூலில் தொடர்ந்து 5 ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. பக் கன்வர்ட்டரை மாஸ்ஃபெட்டுக்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னால் அல்ல; அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க, மாஸ்ஃபெட் அதன் வெளியீட்டைத் துண்டுபோட வேண்டும். மாஸ்ஃபெட்டுக்குப் பின்னால் வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் கன்வர்ட்டர் புதிதாக எழுந்து, ஒழுங்கற்ற மின்னழுத்தம் தரும். 12 வோல்ட்டுக்குத் திருகிய பிறகு, கன்வர்ட்டரின் வெளியீட்டைச் சரிசெய்யும் அந்தச் சிறு பொட்டென்ஷியோமீட்டரின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துப் பூட்டிவிடலாம். பக் கன்வர்ட்டரின் ஸ்விட்ச்சும் ஷார்ட் ஆகக்கூடியதே, அப்போது உள்ளே வரும் 24 வோல்ட் அப்படியே வெளியே வரும். தனி சப்ளையை நான் முதலில் சொன்னதற்கு இதுவே காரணம்.

தேர்வு செய்யும் ரிலே

இரண்டு மின்னழுத்தங்களும் தயாரானதும், எதை அனுப்புவது என்று முடிவெடுப்பது ஆளா, ஹேண்டிலா (டிப்பைச் செருகும் கைப்பிடி) என்ற கேள்வி வரும். முன்பலகையில் ஒரு டாகிள் ஸ்விட்ச் வைப்பது சுலபம். ஆனால் மறதிக்கு அது இடம் கொடுக்கும். ஹேண்டிலே சொல்லட்டும். அதற்கு ஹேண்டில் பிளக்கில் ஒரு ஊசி மிச்சமிருந்தால் போதும்.

24 வோல்ட் ஹேண்டிலின் பிளக்குக்குள், அந்த மிச்ச ஊசியைத் தரை ஊசியோடு ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். 12 வோல்ட் ஹேண்டிலில் அந்த ஊசியைச் சும்மா விட்டுவிட வேண்டும். ஸ்டேஷனுக்குள், ரிலேயின் (காயிலின் காந்தத்தால் தொடுமுனையை மாற்றும் ஸ்விட்ச்) காயிலின் ஒரு முனை துணை சப்ளைக்கும் மறுமுனை சாக்கெட்டின் அந்த ஊசிக்கும் போகும். காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு தலைகீழாக இருக்கும். ரிலேயின் பொதுமுனை மாஸ்ஃபெட்டை நோக்கிப் போக, காயிலில் மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் முனையில் 12 வோல்ட்டையும், மின்சாரம் வந்தால் மூடும் முனையில் 24 வோல்ட்டையும் இணைக்க வேண்டும். இப்படி அமைத்தால், ஹேண்டில் இல்லாதபோதும், அந்தச் சிறு கம்பி அறுந்தபோதும், காயில் எரிந்துபோனபோதும் 12 வோல்ட்தான் போகும். இதையே தலைகீழாக, 12 வோல்ட் ஹேண்டிலில் கம்பியைப் போட்டு அமைத்தாலும் அன்றாடம் வேலை செய்யும். ஆனால் முதல் பழுதிலேயே டிப்பைத் தின்றுவிடும்.

ஹேண்டிலைக் கழற்றிய நிலையில்தான் ரிலே மாறுகிறது என்பதால் தொடுமுனைகளில் தீப்பொறி எழாது. 30 வோல்ட் டிசியில் 10 ஆம்பியர் தாங்கும் சாதாரண ரிலே போதும். ரிலேக்குப் பின்னால் பெரிய கெப்பாசிட்டர் இருந்தால், 24 வோல்ட் ஹேண்டிலைக் கழற்றிய பிறகும் அது 24 வோல்ட்டிலேயே நிற்குமே என்று தோன்றலாம். 2200 மைக்ரோஃபாரட்டில் அப்போது தங்கியிருப்பது 0.63 ஜூல், 55 வாட் டிப் நூறில் ஒரு நொடியில் உறிஞ்சும் அளவு. கவலைப்பட ஒன்றுமில்லை, வேண்டுமானால் குறுக்கே ஒரு கிலோ ஓம் தடை வைத்து வடித்துவிடலாம்.

மைக்ரோகண்ட்ரோலர் மென்பொருளை மாற்ற முடிந்தவர்கள் இன்னொரு காவலையும் சேர்க்கலாம். மாஸ்ஃபெட்டுக்கு வரும் மின்னழுத்தத்தை இரண்டு தடைகளால் பிரித்து ஏடிசிக்கு (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) கொடுத்து, 12 வோல்ட் ஹேண்டில் செருகியிருக்கையில் அது 13.5 வோல்ட்டைத் தாண்டினால் சூடேற்றவே மறுக்கும்படி எழுதிவிட வேண்டும். ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டுவிட்டால் அதை ஹேண்டில் சூடாகும் முன்பே பிடிக்கும் வழி இது ஒன்றுதான்.

குறைந்த வோல்ட் என்றால் அதிக ஆம்பியர்

24 வோல்ட்டில் 3 ஆம்பியர் சுமந்த கம்பிகள், 12 வோல்ட் டிப்புக்கு 4.6 ஆம்பியர் சுமக்க வேண்டும். மாஸ்ஃபெட்டில் வீணாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். கேபிள், பிளக், சாக்கெட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.2 ஓம் இருந்தால், 8 ஓம் டிப்பில் மொத்தத் திறனில் இரண்டரை சதவீதம்தான் வழியில் போகும், 2.6 ஓம் டிப்பில் 7 சதவீதம் போகும், கேபிளும் கையில் இளஞ்சூடாகத் தெரியும். வெப்பத்தில் விறைக்காத, உருகாத சிலிகான் உறையிட்ட தடித்த கம்பியைப் பயன்படுத்த வேண்டும். சாக்கெட்டை வாங்கும்போது ஓர் ஊசிக்கு எத்தனை ஆம்பியர் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

எதிர்த் திசையில், 12 வோல்ட் ஸ்டேஷனை 24 வோல்ட்டுக்கு உயர்த்துவோர் கவனிக்க வேண்டியவை வேறு. 16 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட கெப்பாசிட்டர்கள் 35 வோல்ட்டாக மாற வேண்டும். 7805 போன்ற ரெகுலேட்டர் 12 வோல்ட்டில் 7 வோல்ட்டை வெப்பமாக்கிய இடத்தில் இனி 19 வோல்ட்டை வெப்பமாக்கும். எல்இடி திரைக்காக 100 மில்லிஆம்பியர் இழுத்தாலே ஏறக்குறைய 2 வாட். இவற்றைவிட எளிதில் கண்ணில் படாதது மாஸ்ஃபெட்டின் கேட், அதாவது அதைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டு முனை. பி-சானல் மாஸ்ஃபெட் மேற்பக்கம் இருந்து, ஒரு டிரான்சிஸ்டர் அதன் கேட்டைத் தரைக்கு இழுக்கும் சுற்றுகளில், சப்ளை மின்னழுத்தம் முழுவதும் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே விழுகிறது. பெரும்பாலான மாஸ்ஃபெட்டுகளின் கேட் 20 வோல்ட் வரைதான் தாங்கும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 12 வோல்ட் ஜீனர் டையோடு (குறித்த வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாதது) ஒன்றையும், கேட்டுக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே ஒரு தடையையும் சேர்த்தால் தீரும்.

வெப்பநிலைக் குறிகை

மின்னழுத்தத்தை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்போர் இங்கேதான் திகைப்பார்கள்: டிப் சூடாகிறது, திரையில் எண் தாறுமாறாக ஓடுகிறது. டி12 வகையில் தெர்மோகப்புள் (வெப்பத்துக்கேற்பச் சிறு மின்னழுத்தம் தரும் உணரி) ஹீட்டரோடு தொடராக இருக்கிறது. ஹீட்டருக்கு மின்சாரம் நிற்கும்போது மட்டுமே, அதே இரண்டு முனைகளில் அளக்க முடியும். ஆர்டி வகையில் உணரிக்குத் தனித் தொடுமுனை உண்டு. ஹக்கோ 936 போன்றவற்றில் தெர்மோகப்புளே கிடையாது; அறை வெப்பநிலையில் 50 ஓம் அளவில் இருந்து சூட்டோடு கூடும் தடை உணரி இருக்கும். ஒன்றுக்கான சுற்று இன்னொன்றைப் படிக்காது. இந்தக் கடைசி வகையைத் தெர்மோகப்புள் ஸ்டேஷனில் பொருத்தப் பார்ப்பது வீண் உழைப்பு என்பது என் கருத்து.

குறிகையின் அளவை நினைவில் வைக்க வேண்டும். கே வகைத் தெர்மோகப்புள் 350 டிகிரி செல்சியஸில் தருவது சுமார் 14.3 மில்லிவோல்ட் மட்டுமே. ஹீட்டரும் தெர்மோகப்புளும் திரும்பி வர ஒரே கம்பியைப் பகிர்ந்தால், அந்தக் கம்பியின் தடை வெறும் 0.05 ஓமாக இருந்தாலும் 4.6 ஆம்பியரில் அதன் குறுக்கே 230 மில்லிவோல்ட் விழும். குறிகையைவிடப் பதினாறு மடங்கு. ஆகவே தனித் தொடுமுனை இருந்தாலும் ஹீட்டரை நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும், உணரிக்கு ஹேண்டிலிலிருந்தே தனித் திரும்புகம்பி இழுத்தால் இன்னும் நல்லது. நிறுத்திய உடனேயும் அளக்கக் கூடாது. குறிகையைப் பெருக்கும் ஓப்-ஆம்ப் சிப் தெவிட்டிய நிலையிலிருந்து மீளச் சில மில்லிசெகண்ட் ஆகும். அசிலோஸ்கோப் இருந்தால் அதன் வெளியீடு எப்போது தட்டையாகிறது என்று பார்த்து, அதற்குப் பிறகு அளக்கும்படி காத்திருப்பை அமைக்க வேண்டும்.

பெருக்கத்தின் அளவும் டிப்புக்கு டிப் மாறும். கே வகைக்கு 220 மடங்கு பெருக்கினால் 350 டிகிரியில் 3.1 வோல்ட், 450 டிகிரியில் 4.1 வோல்ட் வரும்; 5 வோல்ட் ஏடிசிக்கு அது பொருத்தமான அளவு. டிப்பில் இருக்கும் தெர்மோகப்புள் கே வகையாகவே இருக்கும் என்ற உறுதி இல்லாததால், ஒவ்வொரு வகைக்கும் தனிப் பெருக்க மதிப்பை மென்பொருளில் சேமித்து, ரிலேயை இயக்கும் அதே ஊசியைப் படித்து எதைப் பயன்படுத்துவது என்று தேர்வு செய்ய வேண்டும். பிஐடி மதிப்புகளும் (வெப்பநிலையை நிலைநிறுத்தும் கட்டுப்பாட்டுக் கணக்கின் எண்கள்) அப்படியே: முழுத்திறன் ஏறக்குறைய சமமாக இருந்தாலும், சிறிய டிப் சீக்கிரம் சூடாகிக் குறித்த அளவைத் தாண்டிப் பாயும் என்பதால், 12 வோல்ட் டிப்புக்கு முதலில் பாதி மதிப்புகளில் தொடங்கி மெல்லக் கூட்டலாம்.

முதல் சோதனை

விலையுயர்ந்த டிப்பை முதலில் செருக வேண்டாம். கார் முகப்பு விளக்கில் வரும் 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் பல்பு இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். அதை ஹீட்டர் முனைகளில் இணைத்து, உணரி முனைகளைக் கம்பியால் ஷார்ட் செய்துவிட வேண்டும். தெர்மோகப்புள் உள்ளீடு ஷார்ட் ஆனால் டிப் குளிர்ந்திருப்பதாக எண்ணி ஸ்டேஷன் முழுத்திறனில் இயக்கும். பல்பு தன் வழக்கமான வெளிச்சத்தோடு எரிந்தால் சரி, கண்ணைக் கூசும் வெண்மையில் எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். பத்து நிமிடம் எரியவிட்டு மாஸ்ஃபெட், ரிலே, சாக்கெட் ஆகியவற்றின் சூட்டைப் பார்க்க வேண்டும். பிறகு ஓடும்போதே 24 வோல்ட் ஹேண்டிலின் ஊசிக் கம்பியை வேண்டுமென்றே எடுத்தும், உணரிக் கம்பியை அறுத்தும் பார்க்க வேண்டும். உணரி அறுந்தால் ஸ்டேஷன் சூடேற்றுவதை நிறுத்தியாக வேண்டும்.

புதிதாகச் சேர்த்த சப்ளைக்குத் தரையிணைப்பு இல்லாவிட்டால் அதன் வெளியீடு மிதந்து, டிப்பைத் தொடும் விரலில் லேசான கூச்சம் தெரியும். நுண்ணிய சிப்புகளுக்கு அது ஆபத்து. டிப்பின் முனைக்கும் பிளக்கின் எர்த் ஊசிக்கும் இடையே 2 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஹக்கோ தன் ஸ்டேஷன்களுக்கு வைத்திருக்கும் அளவு. அதையே இங்கும் இலக்காகக் கொள்ளலாம்.

கடைசி வேலை அளவுத்திருத்தம். 63/37 ஈய-வெள்ளீயக் கலவை 183 டிகிரியிலும், தூய வெள்ளீயம் 232 டிகிரியிலும் உருகும். 170 டிகிரியில் நிறுத்தி, முனையில் கலவையை வைத்து, இரண்டு இரண்டு டிகிரியாக ஏற்றி, அது பளபளத்துச் சரியும் கணத்தில் திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், வெள்ளீயத்துக்கும் அவ்வாறே. இரண்டு எண்களும் ஒரே அளவு விலகியிருந்தால் தொடக்க மதிப்பை நகர்த்தினால் போதும், விலகல் கூடிக்கொண்டே போனால் பெருக்க மதிப்பைத் திருத்த வேண்டும். வேலை நடப்பது 300 டிகிரிக்கு மேல் என்பதால், டிப் தெர்மாமீட்டர் கிடைத்தால் 350 டிகிரியிலும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஒவ்வொரு ஹேண்டிலின் பிளக்கிலும் அதன் மின்னழுத்தத்தை எழுதி ஒட்டிவிட வேண்டும்.